கன்டெய்னர் மாத்துறோம்டா! – ஜாவா உலகின் ஒரு சின்ன சரித்திரம்

டிஸ்கி: நான் பி.காம் மூன்றாம் வருடம். புரோகிராம் எழுதுவது என் தொழில் இல்லை. இது ஒரு கணக்குப்பிள்ளை பார்வையில் எழுதிய கம்ப்யூட்டர் சரித்திரம். துறை ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

போன பொங்கலுக்கு என் பெரியப்பா மகள் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தாள். போகிக்கு முந்தின ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனால், அக்கா கூடத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னக்கா பண்றே இந்நேரத்துல?"

"கன்டெய்னர் மாத்துறோம்டா."

எங்கள் ஊர் தூத்துக்குடி. கன்டெய்னர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஹார்பர் ரோட்டில் வரிசையாக நிற்கும் லாரிகளின் முதுகில் இருக்குமே, அது. "லாரி எங்கே நிக்குது?" என்று கேட்டுவிட்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் பெரியம்மாவே எழுந்து வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அக்கா வேலை பார்ப்பது ஒரு பழைய பணப் பட்டுவாடா மென்பொருளில். ஜாவாவில் எழுதியது. அதிலுள்ள ஆயிரக்கணக்கான ஃபைல்களில் 'ஜாவாக்ஸ்' என்று இருக்கும் வார்த்தையை 'ஜகார்த்தா' என்று மாற்ற வேண்டும். "ஒரு வார்த்தையை மாத்த மூணு மாசமா?" என்று கேட்டேன். "கன்டெய்னர்னா என்னன்னு மொதல்ல படிச்சிட்டு வா. அப்புறம் பேசுவோம்" என்றாள்.

படித்தேன். கம்ப்யூட்டர் பாடம் என்று நினைத்துப் போனால் பாதிக்கு மேல் காமர்ஸ் பாடமாக இருந்தது. யார் எந்த வேலையைச் செய்வது, யார் யாரை நம்பி இருப்பது, பெயர் யாருக்குச் சொந்தம்... எல்லாமே நம் சிலபஸ்! அதுதான் இந்தப் பதிவு.

பிரச்சினை என்ன?

அக்கவுண்டன்சி முதல் வகுப்புக்குப் போவோம். ராமன் தன் வங்கிக் கணக்கிலிருந்து சீதாவின் கணக்குக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறான். வங்கியின் புத்தகத்தில் ராமன் கணக்கில் பற்று, சீதா கணக்கில் வரவு. இரண்டு வரி. இரண்டும் எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் இரண்டும் எழுதப்படக் கூடாது. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போனால் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாது. டிரையல் பேலன்ஸை விடுங்கள், ராமனின் 5,000 ரூபாய் காற்றில் போய்விடும்.

இதையே புரோகிராமாக எழுதினாலும் சாரம் அதே இரண்டு வரிதான். ஆனால் அந்த இரண்டு வரியைச் சுற்றி எத்தனை வேலை பாருங்கள். கேட்பவன் நிஜமாகவே ராமன்தானா? அவனுக்கு அனுமதி உண்டா? அதே நொடியில் இன்னும் ஆயிரம் பேர் பணம் அனுப்புகிறார்களே, எல்லோருடைய கணக்கும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க வேண்டும். டேட்டாபேஸுடன் இருக்கும் இணைப்புகள் கொஞ்சம்தான், அவற்றைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் கரண்ட் போனால் முதல் வரியை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்தச் சுற்றுவேலை இரண்டு வரியைவிடப் பல மடங்கு பெரிது. வேடிக்கை என்னவென்றால், வங்கிக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் மின்சார பில்லுக்கும் இந்தச் சுற்றுவேலை கிட்டத்தட்ட ஒன்றேதான். அப்படியானால் ஒவ்வொருவரும் ஏன் மறுபடி மறுபடி எழுத வேண்டும்? யாராவது ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டு, "உன் இரண்டு வரியை மட்டும் கொண்டுவந்து இதற்குள் வை, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால்?

அப்படிச் சொல்லும் மென்பொருளுக்குப் பெயர்தான் கன்டெய்னர்.

எனக்கு இது கல்யாண மண்டபம் போலப் படுகிறது. தண்ணீர், கரண்ட், ஜெனரேட்டர், பாத்திரம், நாற்காலி, வாட்ச்மேன் எல்லாம் மண்டபத்துக்காரர் பொறுப்பு. தாலி கட்டுவது மட்டும் நம் பொறுப்பு. ஆனால் மண்டபத்துக்குச் சில விதிகள் உண்டு. வெளிச் சமையல்காரர் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, இத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும். வசதி வேண்டுமென்றால் விதியை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த மண்டபத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தாத்தா காலம்

இந்த யோசனை ஜாவாவோடு பிறந்தது இல்லை. அமெரிக்காவில் 1960களில் மின்சாரம் போன்ற பொதுச் சேவை கம்பெனிகள், வாடிக்கையாளரின் கணக்கை உடனுக்குடன் டெர்மினலில் பார்க்க வேண்டும் என்று விரும்பின. அவர்களுக்காக ஐபிஎம் செய்த மென்பொருள் 1969-ல் சிஐசிஎஸ் என்ற பெயரில் பொதுச் சந்தைக்கு வந்தது. புரோகிராமர் கோபால் மொழியில் தன் வியாபார விதியை மட்டும் எழுதுவார். டெர்மினல்களைக் கவனிப்பது, வரும் கோரிக்கைகளைப் பங்கிடுவது, பாதியில் தடைபட்டால் பழைய நிலைக்குத் திருப்புவது போன்றவை சிஐசிஎஸ் தலையில். அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

'இரண்டும் நடக்கணும், இல்லேன்னா இரண்டும் நடக்கக் கூடாது' என்ற விதியைக் கம்ப்யூட்டரில் எப்படி உறுதிசெய்வது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே. அதற்காக 1998-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. நமது இரட்டைப் பதிவு முறையைப் பற்றி லூகா பசியோலி 1494-லேயே புத்தகம் அச்சிட்டுவிட்டார் என்பதையும் காமர்ஸ்காரன் என்ற முறையில் இங்கே பணிவுடன் குறிப்பிட்டுக்கொள்கிறேன் :)

1983-ல் ஏடி அண்ட் டி கம்பெனியில் டக்ஸிடோ என்ற இதே வகை மென்பொருள் யுனிக்ஸ் இயந்திரங்களுக்காக உருவாகத் தொடங்கியது. பல கைமாறி 1996-ல் அது பிஇஏ சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியிடம் வந்தது. இந்தப் பெயர் கதையில் மறுபடி வரும்.

ஜாவா வருகிறது

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-ல் ஜாவாவை அறிமுகம் செய்தது. ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையில் உருவான மொழி. ஆரம்பத்தில் ஜாவா என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது ஆப்லெட். பிரவுசருக்குள் ஆடும் பொம்மை, ஓடும் எழுத்து. ஆனால் பெரிய காசு பிரவுசரில் இல்லை, சர்வரில்தான் இருந்தது.

அப்போது வெப் சர்வர்களில் பரவலாக இருந்தது சிஜிஐ முறை. ஒரு ஆள் ஒரு பக்கத்தைக் கேட்டால், அதற்காக ஒரு புது புரோகிராமையே தொடங்கி, பதிலைக் கொடுத்துவிட்டு அதை மூடிவிடும். ஒரு டீ கேட்கும் ஒவ்வொருவருக்கும் புதிதாக அடுப்பு பற்றவைத்து, டீ கொடுத்ததும் அணைப்பதுபோல. பத்துப் பேர் வந்தால் சமாளிக்கலாம், பத்தாயிரம் பேர் வந்தால்?

இதற்கு சன் கொடுத்த பதில் சர்வ்லெட். 1997-ல் வந்தது. இங்கேதான் ஜாவாவில் கன்டெய்னரை நாம் முதலில் சந்திக்கிறோம். சர்வ்லெட் கன்டெய்னர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுதிய சர்வ்லெட்டை அது ஒருமுறை உருவாக்கி, தயார் செய்துகொள் என்று சொல்லும். பிறகு கோரிக்கை வரும்போதெல்லாம் ஒரு த்ரெட்டை ஒதுக்கி, அந்த சர்வ்லெட்டைக் கூப்பிடும். கடையைச் சாத்தும்போது, உன் சாமான்களை எடுத்து வைத்துவிடு என்று கடைசியாக ஒருமுறை கூப்பிடும். அடுப்பு ஒன்றே, அணைவதே இல்லை.

இதில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. சாதாரண புரோகிராமில் 'மெயின்' என்று ஒரு ஆரம்பம் இருக்கும். அங்கே தொடங்கி, நம் புரோகிராம்தான் மற்றவர்களைக் கூப்பிடும். சர்வ்லெட்டில் நீங்கள் 'மெயின்' எழுதுவதே இல்லை. எப்போது பிறப்பது, எப்போது வேலை செய்வது, எப்போது சாவது எல்லாம் கன்டெய்னர் முடிவு செய்யும். நீங்கள் அதைக் கூப்பிடுவதில்லை, அது உங்களைக் கூப்பிடுகிறது. அதிகாரம் கை மாறிவிட்டது. வெறும் லைப்ரரிக்கும் கன்டெய்னருக்கும் இதுதான் வித்தியாசம்.

சன்னுக்குள் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் என்ற பொறியாளர் எழுதிய சர்வ்லெட் கன்டெய்னரை, 1999-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அப்படியே தானமாகக் கொடுத்தார்கள். அதுதான் டாம்கேட். தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் ஒரு விலங்கின் பெயர் வேண்டும் என்று ஆண்பூனையைத் தேர்ந்தெடுத்தாராம். டாம்கேட்டை அப்பாச்சி வைத்திருந்த திட்டத்துக்குப் பெயர் ஜகார்த்தா. அடடே, அக்கா சொன்ன அதே வார்த்தை! கொஞ்சம் பொறுங்கள்.

பெரிய மண்டபம்: ஈஜேபி

சர்வ்லெட் கன்டெய்னர் வெப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும். நம் பற்று-வரவு இரண்டு வரிக்கான சுற்றுவேலையை யார் செய்வது? சிஐசிஎஸ், டக்ஸிடோ செய்ததை ஜாவாவுக்கு யாராவது செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேறு 1996-லேயே விண்டோஸில் ட்ரான்ஸாக்‌ஷன் சர்வர் என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. சன் சும்மா இருக்குமா?

ஐபிஎம் போன்ற கம்பெனிகளின் பங்களிப்போடு 1998-ல் என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ் 1.0 வந்தது. சுருக்கமாக ஈஜேபி. சன் வெளியிட்டது பொருளை அல்ல, ஒரு விதிப் புத்தகத்தை. கன்டெய்னர் என்னென்ன செய்ய வேண்டும், அதற்குள் வைக்கும் 'பீன்' எப்படி இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம். யார் வேண்டுமானாலும் அந்த ஒப்பந்தப்படி கன்டெய்னர் செய்து விற்கலாம்.

அந்த விதிப் புத்தகத்தில் ஆறு வகை ஆட்களைப் பிரித்திருந்தார்கள். பீனை எழுதுபவர், பீன்களைச் சேர்த்து அப்ளிகேஷன் ஆக்குபவர், அதை நிறுவுபவர், சர்வர் தயாரிப்பவர், கன்டெய்னர் தயாரிப்பவர், அன்றாட நிர்வாகி. ஆடம் ஸ்மித் ஊசித் தொழிற்சாலையில் பார்த்த வேலைப் பிரிவினை அப்படியே! வியாபாரம் தெரிந்தவர் வியாபாரத்தை எழுதட்டும், சிஸ்டம் தெரிந்தவர் சிஸ்டத்தைக் கவனிக்கட்டும் என்பது நோக்கம்.

வேலை செய்யும் விதம் அழகானது. வெளியாள் உங்கள் பீனை நேரடியாகத் தொடவே முடியாது. கன்டெய்னர் நடுவில் ஒரு வாசல்காரனை நிறுத்தும். பணம் அனுப்பு என்று கோரிக்கை வந்தால் வாசல்காரன் முதலில் அனுமதி உண்டா என்று பார்ப்பான். பிறகு டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்குவான். ஓய்வாக இருக்கும் ஒரு பீனை எடுத்து அதன் இரண்டு வரியை ஓட வைப்பான். நல்லபடியாக முடிந்தால் உறுதி செய்வான், கோளாறு என்றால் எல்லாவற்றையும் ரத்து செய்வான். உங்கள் இரண்டு வரிக்கு இதெதுவும் தெரியாது.

மண்டப விதிகளும் உண்டு. பீன் தானாக த்ரெட் தொடங்கக் கூடாது, ஃபைல்களை நேரடியாகத் திறக்கக் கூடாது, நெட்வொர்க்கில் கடை விரித்து உட்காரக் கூடாது. எல்லாம் கன்டெய்னர் வழியாகத்தான். சுவரில் ஆணி அடிக்காதே!

1999 டிசம்பரில் சர்வ்லெட், ஈஜேபி, இன்னும் சிலவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து ஜே2ஈஈ 1.2 என்று சன் வெளியிட்டது. டாட்காம் காய்ச்சல் உச்சத்தில் இருந்த சமயம். பிஇஏ ஏற்கெனவே 1998-ல் வெப்லாஜிக்கை வாங்கியிருந்தது. ஐபிஎம் வெப்ஸ்பியரை விற்றது. இவை அப்ளிகேஷன் சர்வர் என்ற பெயரில் நல்ல விலைக்குப் போயின. 1999-ல் மார்க் ஃப்ளூரி என்பவர் ஒரு ஓப்பன் சோர்ஸ் கன்டெய்னரை 'ஈஜேபாஸ்' என்ற பெயரில் தொடங்கினார். ஈஜேபி எங்கள் டிரேட்மார்க் என்று சன் ஆட்சேபித்ததால் முதல் எழுத்தை வெட்டி 'ஜேபாஸ்' ஆக்கினார். டிரேட்மார்க் என்ற வார்த்தையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காது குத்துக்கு ஆயிரம் பேர் மண்டபம்

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். அந்த இரண்டு வரியை ஈஜேபியாக எழுத என்ன வேண்டும்? பீன் கிளாஸ் ஒன்று. வெளியாட்கள் பார்க்க ரிமோட் இன்டர்ஃபேஸ் ஒன்று. பீனை உருவாக்கவும் தேடவும் ஹோம் இன்டர்ஃபேஸ் ஒன்று. பிறகு எந்த மெத்தடுக்கு எந்த அனுமதி, எந்த ட்ரான்ஸாக்‌ஷன் என்று எழுதிய எக்ஸ்எம்எல் ஃபைல் ஒன்று. இது போதாது என்று ஒவ்வொரு கம்பெனியின் சர்வரும் தனக்கென்று இன்னொரு எக்ஸ்எம்எல் கேட்கும். விதிப் புத்தகம் பொதுவானது, எந்தக் கடை கன்டெய்னருக்கும் மாறிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி இந்த இரண்டாவது எக்ஸ்எம்எல்லில் கரைந்துபோனது.

ஆரம்ப ஈஜேபியில் பீன்கள் பேசிக்கொள்வதெல்லாம் வேறு வேறு இயந்திரத்தில் இருப்பதுபோலத்தான். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் உப்பு கேட்கக் கூரியர் அனுப்புகிற கதை. 2001-ல் ஈஜேபி 2.0 வந்தபோதுதான் உள்ளூர் பேச்சுக்கு வழி செய்தார்கள். டேட்டாபேஸ் வரிசைகளைப் பீன்களாக மாற்றும் 'என்டிட்டி பீன்' ஏற்பாடோ வேகக் குறைவுக்குப் பேர்போனது. சோதனை செய்வது அதைவிடக் கொடுமை. உங்கள் இரண்டு வரி சரியா என்று பார்க்க முழு சர்வரையும் கிளப்ப வேண்டும்.

நம் மண்டபக் கணக்கில் சொன்னால், வீட்டில் முப்பது பேரை வைத்து நடத்தும் காது குத்துக்கு ஆயிரம் பேர் மண்டபத்தை எடுத்து, நாலு படிவம் நிரப்பிக் கொடுத்த கதை. சுற்றுவேலையைக் குறைக்க வந்த கன்டெய்னர், தானே ஒரு பெரிய சுற்றுவேலை ஆகிவிட்டது.

இப்படியும் ஒரு தமாஷ் நடந்தது. ஜே2ஈஈ-யில் எப்படி எழுத வேண்டும் என்று காட்ட சன் 'பெட் ஸ்டோர்' என்று ஒரு மாதிரிக் கடையை எழுதி வெளியிட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதே கடையைத் தன் டாட்நெட்டில் மிகக் குறைந்த வரிகளில் எழுதி, பாருங்கள் என்று விளம்பரம் செய்தது. அது மாதிரிதானே தவிர வரிச் சிக்கனத்துக்காக எழுதியது இல்லை என்று ஜாவாக்காரர்கள் சண்டைக்குப் போனார்கள். நியாயம்தான். ஆனால் வாங்குபவர் மனதில் விழுந்தது விழுந்ததுதான்.

சாதாரண ஆப்ஜெக்டுக்கு ஒரு பெயர்

2000-ல் மார்ட்டின் ஃபௌலரும் இரண்டு நண்பர்களும் ஒரு கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். வியாபார விதிகளை ஏன் சாதாரண ஜாவா ஆப்ஜெக்டிலேயே எழுதக் கூடாது, எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அவர்களுக்குத் தோன்றியது. ஜனங்கள் ஏன் சாதாரணத்தை ஒதுக்குகிறார்கள் என்று யோசித்து, அதற்கு ஒரு கவர்ச்சியான பெயர் இல்லை என்பதே காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள். 'போஜோ' என்று பெயர் வைத்தார்கள். 'பழைய சாதாரண ஜாவா ஆப்ஜெக்ட்' என்பதன் சுருக்கம். பெயர் பிடித்துக்கொண்டது! மார்க்கெட்டிங் வகுப்பில் பிராண்டிங் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2002-ல் ராட் ஜான்சன் என்பவர் ஜே2ஈஈ பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். குறை மட்டும் சொல்லாமல், கூடவே சுமார் 30,000 வரி கோடும் கொடுத்தார். வாசகர்களில் யூர்கன் ஹெல்லர், யான் கரோஃப் என்ற இருவர், இதை ஓப்பன் சோர்ஸாக வெளியிடலாமே என்று அவரைத் தூண்டினார்கள். ஜே2ஈஈ என்ற பனிக்காலம் முடிந்து வசந்தம் வருகிறது என்ற பொருளில் 'ஸ்பிரிங்' என்று பெயர் வைத்தவர் கரோஃப். 2004 மார்ச்சில் ஸ்பிரிங் 1.0 வந்தது.

ஸ்பிரிங்கும் கன்டெய்னர்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பிரிங் கன்டெய்னரை ஒழிக்கவில்லை, அதன் குணத்தை மாற்றியது. முன்பு பீனுக்கு டேட்டாபேஸ் வேண்டுமென்றால், ஒரு முகவரிப் புத்தகத்தில் பெயரைச் சொல்லித் தேடி எடுக்க வேண்டும். அதனால் அந்தக் கோடு கன்டெய்னர் இல்லாமல் ஓடாது. ஸ்பிரிங்கில் உங்கள் ஆப்ஜெக்ட் எதையும் தேடுவதில்லை. எனக்கு ஒரு டேட்டாபேஸ் இணைப்பு வேண்டும் என்று கன்ஸ்ட்ரக்டரிலோ செட்டரிலோ இடம் விட்டு வைத்தால் போதும், கன்டெய்னர் கொண்டுவந்து கையில் கொடுக்கும். 2004 ஜனவரியில் ஃபௌலர் எழுதிய கட்டுரை மூலம் இதற்கு 'டிபென்டென்ஸி இன்ஜெக்‌ஷன்' என்ற பெயர் நிலைத்தது.

சோதனை செய்யும்போது கன்டெய்னரே வேண்டாம். நீங்களே ஒரு போலி டேட்டாபேஸைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம். ட்ரான்ஸாக்‌ஷன் வாசல்காரன் இங்கேயும் உண்டு. ஆனால் அவன் நிற்பதற்காக நீங்கள் ஹோம், ரிமோட் என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். மண்டபத்துக்குப் போவதற்குப் பதில், பந்தல்காரரை வீட்டுக்கு வரவழைப்பது போல. எத்தனை நாற்காலி வேண்டுமோ அத்தனை மட்டும். டாம்கேட்டும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் போதும், விலை உயர்ந்த அப்ளிகேஷன் சர்வர் எதற்கு என்று நிறைய பேர் முடிவு செய்தார்கள்.

தோற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 2006 மே மாதம் ஜாவா ஈஈ 5-உடன் வந்த ஈஜேபி 3.0-ல் ஹோம் இன்டர்ஃபேஸ் போயிற்று, எக்ஸ்எம்எல் கட்டாயமில்லை, சாதாரண கிளாஸின் மேல் ஒரு அன்னோட்டேஷன் போட்டாலே பீன். டேட்டாபேஸ் வேலைக்கு, கேவின் கிங் 2001-ல் தொடங்கிய ஹைபர்னேட்டின் வழியைப் பின்பற்றினார்கள். எதிராளியின் பாடத்தைப் படித்துத் தேறியவர்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதற்குள் பாதிச் சந்தை போய்விட்டிருந்தது.

மண்டபத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு

2014-ல் ஸ்பிரிங் பூட் 1.0 வந்தது. அதுவரை கன்டெய்னருக்குள் அப்ளிகேஷனை வைத்தோம். இப்போது அப்ளிகேஷனுக்குள் டாம்கேட்டை வைத்தார்கள். ஒரே ஃபைல், ஓட்டினால் ஓடும். 'மெயின்' திரும்பி வந்துவிட்டது! ஆனால் அந்த 'மெயின்' செய்யும் முதல் வேலை, உள்ளே இருக்கும் கன்டெய்னரைக் கிளப்பி அதிகாரத்தை அதன் கையில் கொடுப்பதுதான்.

இதற்குள் இன்னொரு கன்டெய்னர் வந்து குழப்பியது. 2013-ல் வந்த டாக்கர். இது ஜாவா கன்டெய்னர் வகையே அல்ல. லினக்ஸ் இயக்குதளத்துக்குள், ஒரு புரோகிராமையும் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் கட்டித் தனியாகப் பிரித்து வைக்கும் பெட்டி. உள்ளே இருப்பது ஜாவாவா, பைத்தானா என்று அதற்குக் கவலை இல்லை. இதன் சின்னத்தில் திமிங்கிலத்தின் முதுகில் பெட்டிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆக, நான் அக்காவிடம் கேட்ட லாரிக் கேள்வி முழு முட்டாள்தனம் இல்லை :)

மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரலில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதில் தொடங்கியது துறைமுக கன்டெய்னரின் புரட்சி. உள்ளே என்ன இருந்தாலும் கிரேனுக்கு வேலை ஒன்றே. டாக்கர் அந்த வகை. ஜாவா கன்டெய்னர் வேறு வகை. அது உள்ளே இருப்பதோடு பேசும், அதைப் பிறக்க வைக்கும், கூப்பிடும், தேவையானதைக் கையில் கொடுக்கும். முதலாவது பெட்டி, இரண்டாவது மண்டபம். நேர்முகத் தேர்வில் கேட்டால் இப்படிச் சொல்லிப் பாருங்கள். இன்றைக்கு டாக்கர் பெட்டிக்குள் ஸ்பிரிங் மண்டபம், அதற்குள் டாம்கேட் மண்டபம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, ஜகார்த்தா ஏன்?

இனி அக்காவின் மூன்று மாதம். 2008-ல் ஆரக்கிள் பிஇஏவை வாங்கியது. 2010-ல் சன்னையே வாங்கியது. ஜாவாவோடு ஜாவா என்ற டிரேட்மார்க்கும் ஆரக்கிளுக்குப் போனது. 2017-ல் ஜாவா ஈஈ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்க ஆரக்கிள் முடிவு செய்தது. கோடு கொடுத்தார்கள், விதிப் புத்தகம் கொடுத்தார்கள். பெயரைக் கொடுக்கவில்லை. புதுப் பெயருக்கு 2018-ல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஜகார்த்தா ஈஈ ஜெயித்தது. டாம்கேட் வளர்ந்த அந்தப் பழைய வீட்டின் பெயர்!

மேல் பெயர் மாறினால் போஸ்டர் மாற்றினால் போதும். ஆனால் சர்வ்லெட், ஈஜேபி எல்லாவற்றின் முழுப் பெயரும் கோடுக்குள் 'ஜாவாக்ஸ்' என்றுதான் தொடங்கும். இருப்பதை இருப்பதுபோல் பயன்படுத்தலாம், அந்தப் பெயரின் கீழ் எதையும் மாற்றவோ வளர்க்கவோ கூடாது என்ற நிலையில் 2019 மே மாதம் பேச்சுவார்த்தை முடிந்தது. வளர வேண்டுமென்றால் வேறு பெயருக்குப் போயே ஆகவேண்டும். 2020 டிசம்பரில் ஜகார்த்தா ஈஈ 9 வந்தபோது எல்லா இடத்திலும் 'ஜாவாக்ஸ்' போய் 'ஜகார்த்தா' ஆனது. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதுப் பெயர். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3-உம் புதுப் பெயரைத்தான் ஏற்கும்.

கன்டெய்னர் உங்களை அடையாளம் காண்பது பெயரால்தான். பழைய பெயரில் எழுதிய சர்வ்லெட்டைப் புது கன்டெய்னரில் வைத்தால் அது கூப்பிடாது. யார் நீ என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

"அப்போ எல்லா ஃபைல்லயும் ஒரே தட்டுல மாத்திட வேண்டியதுதானேக்கா?" என்று, படித்து முடித்த பெருமையில் போன் செய்து கேட்டேன்.

"அங்கதான்டா வம்பு. ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல் மாறக் கூடாது. அது ஜாவா மொழியோட சேர்ந்தது, ஆரக்கிள்கிட்டயே இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு மாத்தினா டேட்டாபேஸ் இணைப்பே போயிடும். அப்புறம் நாங்க வெளியிலிருந்து வாங்கிப் போட்டிருக்கிற லைப்ரரிங்க இருக்கே, அதுல சிலது இன்னும் பழைய பேர்லயே கெடக்கு. அதை எழுதினவங்க எங்கே இருக்காங்கன்னே தெரியலை."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு புரோகிராமர், சுற்றுவேலை மிச்சம் என்று நம்பி ஒரு கன்டெய்னருக்குள் தன் இரண்டு வரியை வைத்தார். அது நல்ல முடிவுதான். தானே எழுதியிருந்தால் ராமனின் 5,000 ரூபாய் எத்தனை முறை காற்றில் போயிருக்குமோ! ஆனால் மண்டபம் கை மாறும், பெயர்ப் பலகை மாறும், அதற்கான செலவு அந்த வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவில்லை. அந்தச் செலவைத்தான் அக்கா பொங்கல் ராத்திரிகளில் கட்டிக்கொண்டிருந்தாள். எந்த பேலன்ஸ் ஷீட்டில் இதைக் கடனாகக் காட்டுவார்கள் என்று எங்கள் ஆடிட்டிங் சாரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் கடைசியில் அக்காவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. "கன்டெய்னர் மாத்தியாச்சு. ராத்திரி பதினொண்ணுக்கு மாத்தினோம். யாருக்கும் தெரியலை."

யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்குத்தானே மூன்று மாதம். "லாரி கிளம்பிடுச்சா?" என்று பதில் அனுப்பினேன்.